இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பள்ளிச் சேர்க்கை – வாசகர் கேள்வி பதில்

மே மாதம் ரிசல்ட் வந்துவிட்டால் வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை எல்லையோர வீடுகளில் இதே பேச்சுதான். பிள்ளையைக் கேரளத்திலேயே படிக்க வைப்பதா, கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் அனுப்புவதா? பெற்றோர் ஒன்று சொல்ல, பிள்ளை வேறொன்று சொல்ல, வீட்டில் சாப்பாடுகூட இறங்குவதில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்கிறேன். ஏழு ஏ பிளஸ், இரண்டு ஏ, கணக்கில் மட்டும் பி பிளஸ். இங்கேயே அரசுப் பள்ளியில் பயாலஜி சயின்ஸ் எடுக்க ஆசை. அப்பாவோ பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளி ஹாஸ்டலில் சேர்ந்து நீட்டுக்குப் படி என்கிறார். "ரெண்டு வருஷம் தமிழ்நாட்டுல படிச்சா தமிழ்நாட்டு சீட்டும் கிடைக்கும், கேரளா சீட்டும் கிடைக்கும்" என்று மாமா சொன்னாராம். அட்வான்ஸ் கட்டுவதாக அவர்களுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தாலே சண்டை. எப்படிச் சொல்வது? – எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மாணவி, சித்தூர் தாலுகா

பதில்: அப்பா உன் நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவருடைய முடிவு முழுக்க மாமா சொன்ன ஒரு வரியின் மேல் நிற்கிறது. அந்த வரி தவறு. முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்று நேட்டிவிட்டி சான்று காட்ட வேண்டும். இன்ஜினீயரிங் கலந்தாய்வில் இதே கணக்கு 8 முதல் 12 வரை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டை மட்டும் பொள்ளாச்சியில் படித்தால் இந்த இரண்டு கணக்கிலும் நீ வரமாட்டாய். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பிளஸ் ஒன், பிளஸ் டூவைத் தனியார் பள்ளியில் படித்தால் அது கிடைக்காது. சாதி ஒதுக்கீட்டையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கேரளத்து வில்லேஜ் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும் வாங்கிய சான்று தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் செல்லாது, பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். உங்கள் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் நிரந்தர முகவரியும் அங்கே வாங்கிய சான்றுகளும் இருந்தால் நிலைமை வேறு. அப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேரளத்துப் பக்கம் உனக்கு எந்த இழப்பும் இல்லை. பிறந்த இடம் கேரளம் என்று எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்தால் கேரள மாநில ஒதுக்கீட்டுக்கு அதுவே ஆதாரம். பிளஸ் டூவை எங்கே படித்தாலும் அது மாறாது. ஆனால் எல்லை தாண்டிப் போகிற பிள்ளைகள் பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கேரளத்தில் மருத்துவ சீட்டுக்கு நீட் மட்டும் எழுதினால் போதாது. நுழைவுத் தேர்வு ஆணையரின் 'கீம்' விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். அது நீட் தேர்வுக்கு முன்பே வந்து முடிந்துவிடும். தமிழ்நாட்டு ஹாஸ்டலில் இதை நினைவுபடுத்த ஆள் இருக்காது. நீட்டில் நல்ல மார்க் எடுத்தும் கேரள ரேங்க் பட்டியலில் பெயரே வராமல் போவது இதனால்தான். நீ எங்கே படித்தாலும் இதை நாள்காட்டியில் எழுதி வை.

அடுத்தது பாடப்புத்தகம். கேரள ஹயர் செகண்டரியில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜிக்கு மத்திய அரசு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் புத்தகங்களே பாடம். தமிழ்நாட்டுக்குத் தனிப் புத்தகம். நல்ல புத்தகம்தான், ஆனால் நீட்டுக்கு என்.சி.இ.ஆர்.டி.யைத் தனியாக இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஆக, நீட்டைக் காரணமாகச் சொன்னால் புத்தகக் கணக்கு உன் பக்கம் இருக்கிறது. நீட்டில் 180 கேள்விகளில் 90 பயாலஜி, 45 பிசிக்ஸ், 45 கெமிஸ்ட்ரி. உன் கணக்கு பி பிளஸ் என்பது பிசிக்ஸில் கைவைக்கும் இடம். அப்பாவின் பயம் இதைப் பற்றியது என்றால் அது நியாயமான பயம், அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்.

உண்மையான கஷ்டம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தமிழ் மீடியத்திலிருந்து பிளஸ் ஒன் போனால் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். கேரளத்தில் அரசுப் பள்ளியிலும் அப்படித்தான், பொள்ளாச்சித் தனியார் பள்ளியிலும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் பாடம் கடினமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பாடமே அல்ல, சொற்கள். இணைதிறன் என்று படித்ததை வேலன்சி என்பார்கள், சவ்வூடு பரவலை ஆஸ்மோசிஸ் என்பார்கள், திசைவேகத்தை வெலாசிட்டி என்பார்கள். கேரளத்தில் பாடப்புத்தகம் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. ஒரே புத்தகத்தை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடத்தில் அச்சிடுகிறது. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆங்கில மீடியம் அறிவியல் புத்தகங்களை இறக்கிக்கொண்டு, நீ படித்த தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துப் படி. பாடத்துக்குப் பாடம் பொருந்தும். படமும் அட்டவணையும் ஒன்றே என்பதால் அகராதியே வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாடம், புதுச் சொற்களை நோட்டில் இரண்டு பத்தியாக எழுது. பிளஸ் ஒன் சீட் ஒதுக்கீட்டுக்கு (அலாட்மெண்ட்) காத்திருக்கும் ஒரு மாதம் இதற்குச் சரியாக இருக்கும். ஜூனில் ஆரம்பித்தால் தாமதம்.

இனி அலாட்மெண்ட் விஷயம். கேரளத்தில் பிளஸ் ஒன் சேர்க்கை ஏகஜாலகம் என்ற ஒற்றைச் சாளர முறை வழியாக ஆன்லைனில் நடக்கிறது. அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) போடலாம், பள்ளியிலேயே ஹெல்ப் டெஸ்கும் இருக்கும். ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு பள்ளியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்தது. படித்த பள்ளி, உன் பஞ்சாயத்து, உன் தாலுகா ஆகியவற்றுக்குப் போனஸ் புள்ளி உண்டு. அதனால் உள்ளூர்ப் பள்ளியில் உனக்கு வாய்ப்பு கூடுதல். முதலில் ட்ரையல் அலாட்மெண்ட் வரும். இதில் சேர முடியாது, தவறு இருந்தால் திருத்தத்தான். சாதி, பஞ்சாயத்து, போனஸ் புள்ளி எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றே பார். பிறகு கண்டுபிடித்தால் திருத்த முடியாமல் போகும், தவறான தகவலில் கிடைத்த சீட்டு சேரும்போது ரத்தாகும்.

முதல் ஆப்ஷனே கிடைத்தால் ஃபீஸ் கட்டி நிரந்தரமாகச் சேர வேண்டும். கீழே உள்ள ஆப்ஷன் கிடைத்தால் ஃபீஸ் கட்டாமல் சான்றிதழ்களைக் கொடுத்துத் தற்காலிகமாகச் சேர்ந்து, மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். "வேண்டாத பள்ளி வந்துவிட்டது, அடுத்த அலாட்மெண்டில் பார்க்கலாம்" என்று சேராமல் இருந்தால் அடுத்த அலாட்மெண்டுக்கே எடுக்க மாட்டார்கள். மேலே உள்ள ஆப்ஷன் கிடைத்துவிட்டால் கீழே உள்ளது தானாகப் போய்விடும், பழையதைக் கேட்டுத் திரும்ப முடியாது. ஆகவே போக மனமில்லாத பள்ளியைச் சும்மா நிரப்புவதற்காக எழுதாதே. வரிசையும் உண்மையாக உன் விருப்ப வரிசையாகவே இருக்கட்டும்.

டி.சி. கவனம். தற்காலிகச் சேர்க்கைக்கும் டி.சி.யையும் நடத்தைச் சான்றையும் அசலாகக் கொடுக்க வேண்டும். பொள்ளாச்சிப் பள்ளியும் அசல் டி.சி.தான் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டு பார்க்கலாம் என்ற திட்டம் இங்கே உடைந்துபோகும். அங்கே சேர முடிவானால் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை நடத்தும் பரீட்சா பவனில் மைக்ரேஷன் சான்றும் வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் நாளாகும்.

இன்னொன்று, போன பிறகு திரும்பி வருவது எளிதல்ல. கேரளத்தில் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு மதிப்பெண் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு கூட்டப்படும். இரண்டும் சேர்ந்து 1200. பிளஸ் ஒன்னை அங்கே எழுதிவிட்டு பிளஸ் டூவுக்கு இங்கே வர நினைத்தால் அந்தக் கணக்கே உடைகிறது. ஹாஸ்டல் பிடிக்கவில்லை என்றால் ஒரு வருஷத்தையே விட்டுக்கொடுத்துத் திரும்ப வேண்டிவரும். அப்பாவிடம் நிதானமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான். இங்கே சேர்ந்து படிப்பு போதவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கோச்சிங் சேர்த்துவிடலாம். அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்றால் திருத்த வழி குறைவு.

இப்போது பேசும் முறை. மாமா இருக்கும்போதோ, அப்பா வேலை முடிந்து அலுத்து வந்த நேரத்திலோ எடுக்காதே. அவர் ஒருவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். "போக மாட்டேன்" என்று நீ சொன்னால் அவருக்கு வாக்குத் தவறிய மாதிரி ஆகிவிடும், பிறகு பள்ளி பின்னுக்குப் போய் மானம் முன்னுக்கு வந்துவிடும். அவருக்கு ஒரு வழி விட்டுப் பேசு: "அலாட்மெண்ட் வரட்டும்ப்பா, அதுவரைக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். ரெண்டு ஸ்கூலையும் போய்ப் பார்த்துட்டு வந்து முடிவு பண்ணலாம்." இதைத் தள்ள அவருக்குக் காரணம் இருக்காது. அம்மாவைத் தூது விடாதே. அவர் நடுவில் இரண்டு பக்கமும் அடிவாங்குகிறார்.

பார்க்கப் போவதென்றால் வேலை நாளில் போங்கள், இருவரும் சேர்ந்தே போங்கள். உள்ளூர்ப் பள்ளியில் கேட்க வேண்டியவை இவை: பிளஸ் டூ பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, கெஸ்ட் டீச்சரா? கெஸ்ட் என்றால் போன வருஷம் எந்த மாதம் வந்தார்? லேபில் ஒரு ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் பார்த்து, தேதிகள் வருஷம் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, ஜனவரியில் மொத்தமாக எழுதியதா என்று பாருங்கள். இரண்டாம் மொழியாகத் தமிழ் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை.

பொள்ளாச்சியில் கேட்க வேண்டியது வேறு. ஃபீஸை டியூஷன், ஹாஸ்டல், மெஸ், நீட் கோச்சிங், புத்தகம், டெபாசிட் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒரு குழு நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் காட்டச் சொல்லலாம். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் இரவு வரை என்ன நடக்கிறது என்று கேட்டால் போதும், விளம்பரப் பலகையில் இல்லாதது எல்லாம் தெரிந்துவிடும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், நிரந்தர ஆசிரியர்கள் இருந்தால் நீ உள்ளூரிலேயே படிப்பது நல்லது. பிசிக்ஸ் ஆசிரியரே இல்லாத பள்ளி என்றால் அதே தாலுகாவில் அடுத்த பள்ளியை முதல் ஆப்ஷனாக வை. அப்பாவுக்கு நீயும் ஒன்று கொடுக்க வேண்டும். கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் இப்போதே டியூஷன் சேர்வது, கிறிஸ்துமஸ் பரீட்சை மார்க்கை அவரோடு உட்கார்ந்து பார்த்து கோச்சிங் வேண்டுமா என்று முடிவு செய்வது, இந்த இரண்டையும் நீயே முன்வந்து சொல். "மார்க் குறைஞ்சா பொள்ளாச்சிக்குப் போறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. வருஷத்தின் நடுவில் அது நடக்காது.

கேள்வி: நாங்கள் கோபாலபுரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறோம். மகன் ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், எட்டு முடித்தான். என் கணவர் அவனைக் கேரளத்தில் எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளியில் ஆங்கில மீடியத்தில் ஒன்பதாவது சேர்க்கச் சொல்கிறார். ஃபீஸ் கிடையாது, பஸ்ஸில் பத்து நிமிஷம், இங்கிலீஷ் நன்றாக வரும் என்கிறார். பையன் போகவே மாட்டேன் என்று அழுகிறான். – ஒரு தாய்

பதில்: அம்மா, பையன் சொல்வதைக் கேளுங்கள். நண்பர்களைப் பிரிய மனமில்லாமல் அவன் அழலாம். ஆனால் அவனுக்குத் தெரியாத கனமான காரணங்களும் அவன் பக்கம் இருக்கின்றன.

இதுவரை மூன்று வருஷம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்கிறான். இன்னும் நான்கு வருஷம் அதே மாதிரி முடித்தால் மருத்துவத்திலும், இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவான். ஒரே ஒரு வருஷம் வெளியே போனாலும் அது போய்விடும், திரும்ப வந்து சேர்ந்தாலும் கிடைக்காது. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை என்பதே நிபந்தனை. 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில்தான் அதைத் தொடங்கினார்கள்.

படிப்பிலும் சிக்கல் உண்டு. கேரளத்தில் அஞ்சாம் வகுப்பிலிருந்தே ஹிந்தி இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் அது தனித் தாள். உங்கள் மகன் ஹிந்தி எழுத்தே பார்த்திருக்க மாட்டான். ஹிந்திக்குப் பதில் பொது அறிவுத் தாள் எழுத விதியில் இடம் இருக்கிறது, ஆனால் அந்தப் பள்ளி அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். முதல் மொழியில் இரண்டு தாள். அந்த எய்டட் பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லை என்றால் மலையாளத்தில் எழுத வேண்டிவரும். இங்கே ஐந்து தாள் எழுதுகிறவன் அங்கே பத்து எழுத வேண்டும். அறிவியலே பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி என்று மூன்றாகப் பிரிந்துவிடும். எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் கட்டாயம் என்ற விதியை 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே கொண்டுபோகிறார்கள். முன்பு போல எழுத்துத் தேர்வில் சறுக்கினாலும் உள் மதிப்பீட்டில் கரையேறலாம் என்று இனி இருக்க முடியாது.

கணவர் கேட்பது ஆங்கிலம். அது நியாயம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில மீடியப் பிரிவு இருக்கிறது. அதே பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ அந்தப் பிரிவுக்கு மாற்றினால் 7.5 சதவீதம் கைவிட்டுப் போகாது. அது அரசுப் பள்ளியில் படித்தவனா என்று பார்க்கிறதே தவிர எந்த மீடியம் என்று பார்ப்பதில்லை. ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். மீடியம் மாற்றினால் இது போகும். அவனுக்கு எதில் மனம் போகிறது என்று பார்த்து இருவரும் முடிவு செய்யுங்கள். மீடியம் மாற்றாமலே ஆங்கிலத்தை மட்டும் தினம் ஒரு மணி நேரம் தனியாகப் படிக்க வைப்பதுதான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

பஸ் விஷயத்தில் ஒரு திருத்தம். இலவசப் பாஸ் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துக்கு, மாணவர் சலுகைக் கட்டணம் கேரளத்துப் பேருந்துக்கு. எல்லையில் இறங்கி வண்டி மாறுகிற பிள்ளைக்குப் பத்து நிமிஷம் பத்து நிமிஷமாகவே இருக்காது. முடிவு எதுவானாலும் கணவரை ஒரு நாள் காலையில் பள்ளி நேரத்துக்கே அந்த வண்டியில் போய்வரச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் மூணாறு பக்கம் எஸ்டேட் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. நல்ல கிரேடில் பாஸ். நான் சயின்ஸ் எடு என்கிறேன். அவன் ஹியூமானிட்டீஸ் (கலைப் பிரிவு) எடுத்து, அப்புறம் தமிழ் படித்து வாத்தியாராகப் போகிறேன் என்கிறான். தமிழ் படித்தால் கேரளத்தில் வேலை எங்கே இருக்கிறது? – ஒரு தந்தை, தேவிகுளம் தாலுகா

பதில்: ஐயா, இருக்கிறது. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப்) பள்ளி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளித் தமிழ் ஆசிரியர் என்று தனியாகவே அறிவிப்பு வெளியிடுகிறது. பாலக்காடும் இடுக்கியும்தான் இந்த இடங்கள் அதிகம் உள்ள மாவட்டங்கள். எல்.பி. ஆசிரியர் ஆக பிளஸ் டூவுக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி டிப்ளமாவும் கே-டெட் என்ற கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். உயர்நிலைக்குத் தமிழில் பட்டமும் பி.எட்.டும் கே-டெட்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு நான்கு வருஷமாகிவிட்டது, மூன்றில் வெளியேறவும் வழி உண்டு. செலவைக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கவலையிலும் உண்மை இருக்கிறது. இந்த வேலைகளுக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ரேங்க் பட்டியல் வந்தும் காத்திருக்க வேண்டிவரும். அதனால் பையனிடம் பாடப்பிரிவுக்காகச் சண்டை போடாமல் இப்படிக் கேளுங்கள்: "டிப்ளமாவா, பட்டமா? அறிவிப்பு வரும் வரை என்ன செய்வாய்?" அவன் யோசித்திருந்தால் பதில் சொல்வான். யோசிக்கவில்லை என்றால் தேடிப் பார்ப்பான். சயின்ஸ் எடுத்தும் பிறகு தமிழுக்குப் போகலாம், ஆனால் ஹியூமானிட்டீஸ் எடுத்துவிட்டு மருத்துவம், இன்ஜினீயரிங் பக்கம் போக முடியாது. இதை மட்டும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் விட்டுவிடுங்கள். மனமில்லாமல் பிசிக்ஸ் படிக்கும் பையன் இரண்டு வருஷ மார்க்கையும் கெடுத்துக்கொள்வான், அந்த மார்க்தான் டிப்ளமாவுக்கும் வேண்டும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் ஒரு சிறு வாய்ப்பு உண்டு. முக்கிய அலாட்மெண்டுகள் முடிந்ததும், காலி இடம் இருந்தால் பள்ளி அல்லது பாடப்பிரிவு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். தேதி சில நாள்தான் இருக்கும். பள்ளி நோட்டீஸ் போர்டை அவன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: மகள் தமிழ்நாட்டுத் தனியார் பள்ளியில் ஏழாவது முடித்தாள். கொஞ்சம் ஃபீஸ் பாக்கி. கேரளத்தில் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுகிறோம், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. பள்ளிதான் டி.சி. தர மறுக்கிறது. – வேலந்தாவளம்

பதில்: எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறுகிற பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. பாக்கி பாக்கிதான், அதை அவர்கள் வேறு வழியில் வசூலிக்கலாம். தவணை கேட்டு நீங்களும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

வாயால் கேட்டது போதும். டி.சி. கேட்டு இரண்டு பிரதியில் விண்ணப்பம் எழுதி, ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு அந்தப் பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். டி.சி. கையில் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா, எட்டாம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று எழுதியிருக்கிறதா, வெளி மாநிலம் என்பதால் கல்வி அலுவலரின் மேலொப்பம் இருக்கிறதா.

டி.சி. கொடுத்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். தமிழ்நாட்டின் ஆன்லைன் மாணவர் பதிவான எமிஸிலிருந்து பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி விடுவிக்க வேண்டும், தேசிய மாணவர் பதிவான யூடைஸில் பள்ளி மாறுகிறவர்களுக்கான டிராப் பாக்ஸுக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கேரளத்துப் பள்ளி அந்த மாநிலப் பதிவான சம்பூர்ணாவில் சேர்த்தாலும் தேசியப் பதிவில் பிள்ளை பழைய பள்ளியிலேயே நிற்பாள். டி.சி. வாங்கும் அன்றே அலுவலகத்தில் இருந்து அதைச் செய்யச் சொல்லி, பென் எனப்படும் பிள்ளையின் நிரந்தரக் கல்வி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.